கதவுச் சத்தம்

— கதவச் சாத்தாதீங்க தம்பி. தொறந்தே இருக்கட்டும்.

— ஏசி வீணாப் போகும் மேடம். இந்த எடிட்டிங் ரூமுக்கு ஜன்னல் கெடையாது. மெஷின் எல்லாம் சூடாயிடும்.

— கொஞ்ச நேரம் சூடாகட்டும். சரியா?

— சரி மேடம். ஐயோ, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க வருவீங்கன்னே நான் நெனக்கல. போன்ல நான்தான் மூச்சு விடாமப் பேசினேன், நீங்க ஒரு வார்த்தை பேசல. திட்டட்டும்னு காத்துட்டு இருந்தேன். திட்டவும் இல்ல.

— முன்னப்பின்ன பாக்காத ஆள எப்படித் திட்டறது? இன்னைக்குத்தான உங்க முகத்தையே பாக்கறேன்.

— நான் உங்கள மாசக்கணக்காப் பாக்கறேன் மேடம். அதாவது, பாருங்க, எங்க டிவி நிகழ்ச்சிக்காக நீங்க பேண்டு வாசிக்கறவர் வீட்ல இருந்த அந்த ஒரு வாரத்துல கேமரா பிடிச்சது அத்தனையும் இந்த மேஜைக்குத்தான் வந்துச்சு. நீங்க பொய்க்கோபம்னா மூக்குக் கண்ணாடிய மேல ஏத்தி விடுவீங்க. நெஜக்கோபம்னா கழட்டிடுவீங்க. உங்க வீட்டுக்காரருக்காவது இது தெரியுமா?

— அவருக்குக் கடிகாரத்தத் தவிர வேற எதோட முகமும் நெனப்புல இருக்காது.

— சிரிக்கறீங்க. நீங்க சிரிக்கறது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு மேடம்.

— ஏன் போனோம்னு இருக்கு தம்பி. அவங்கவங்க வீட்ல அவங்கவங்க இருந்திருக்கலாம். எங்க வீட்ல எல்லாம் நேரப்படி. சுவர் பூராக் கடிகாரம். அவர் ரிப்பேருக்கு வாங்கி வச்சது. அந்த வீட்ல பாத்தா ஒரு கடிகாரம் ஓடல. அப்பன்காரர் ஹால் நடுவுல நின்னு டிரம்பெட் ஊதறாரு. புள்ள டிரம் குச்சியால சோபா, அலமாரி, என் முட்டி, எல்லாத்தையும் தட்டுது. நாய்க்குட்டி செருப்பத் தின்னுது.

— அதுக்குத்தான் உங்க ரெண்டு குடும்பத்தையும் பொறுக்கினாங்க. நேரெதிரா ரெண்டு வீடு. நீங்க அங்க போய் அந்தம்மா வேலையப் பாக்கணும். அந்தம்மா இங்க வந்து உங்க வேலையப் பாக்கணும். நடுவுல தீப்பொறி பறக்கணும். அதான் கணக்கு.

— பறக்கலையே.

— பறக்கல! அதுதான் மேடம் வெனை. அந்தம்மா உங்க வீட்டுக்காரருக்கு மத்தளம் வாசிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அவர் அழகாத் தாளம் போட்டாரு, கடிகாரத்தோட வளந்த மனுஷன் பாருங்க. நீங்க அந்தப் புள்ளைக்குத் தலை வாரி விட்டு, கதை சொல்லி… புரொடியூசரம்மா இங்கதான் நின்னாங்க, உங்க பின்னாடி. 'ரெண்டு வீடும் இப்படிக் கொஞ்சிக்கிட்டா எவன்டா உக்காந்து பாப்பான்? எதையாவது பண்ணு'ன்னாங்க.

— நீங்க பண்ணினீங்க.

— பண்ணினேன்.

— எப்படிப் பண்ணினீங்கன்னு காட்டுங்க. அதப் பாக்கத்தான் வந்தேன். ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க, எங்க குழந்தைங்க காப்பகத்துல சின்னப் பசங்களுக்குச் சொல்ற மாதிரி. சரியா?

— சொல்றேன் மேடம். பாருங்க, இந்தத் திரையில நீளநீளமாப் பட்டை தெரியுதா? மேல இருக்கறது படம். கீழ இருக்கறது சத்தம். வீட்ல டிவியில பாக்கறப்ப ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கும். இங்க ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க, அவ்வளவுதான். மேல் வீட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போனாலும் கீழ் வீட்டுக்காரன் பாட்டுக்கு இருப்பான். வேற ஒருத்தன மேல குடி வைக்கலாம். யாருக்கும் தெரியாது.

— சரி. புரியுது.

— முதல் துண்டு உங்க குரல். கேளுங்க, போடறேன்… கேட்டுச்சா? 'சத்தம் போட்ட, உள்ளயே கெட. அழுதாலும் தொறக்க மாட்டேன்.'

— நாய்க்குட்டிகிட்டச் சொன்னது.

— நாய்க்குட்டிகிட்டத்தான்! டிரம்பெட் பெட்டியோட மூலையக் கடிச்சிருச்சுன்னு அதத் தூக்கிச் சாமான் ரூம்ல போட்டீங்க. அந்தப் புள்ள பக்கத்துல நின்னு கைதட்டிச் சிரிக்குது. நீங்களும் சிரிக்கறீங்க. முகத்தக் காட்டினா சிரிப்பு தெரிஞ்சுடும். அதனால உங்க முதுகக் காட்டினேன்.

— சிரிப்பு குரல்லயும் இருக்குமே தம்பி.

— இருந்துச்சு மேடம். கடைசி வார்த்தையோட வாலுல லேசா ஒட்டிட்டு இருந்துச்சு. அத மட்டும் நறுக்கிட்டேன். நகம் வெட்டற மாதிரி.

— ரெண்டாவது?

— அந்தப் புள்ள முகம். நீங்க தலைக்குக் குளிப்பாட்டி விட்ட அன்னைக்கு எடுத்தது. ஷாம்பு கண்ணுல போய் ரெண்டு கண்ணும் செவந்து தண்ணி கொட்டுது. அது அழவே இல்ல, 'எரியுது எரியுது'ன்னு ஆடிட்டு இருந்துச்சு. நான் வாய்ச் சத்தத்த அமத்தினேன். ஆட்டத்த மெதுவாக்கினேன். ஆட்டம் மெதுவானா அது அழுகை மேடம். இதுல ஒரு அதிசயம் பாருங்க, அதே தோள் குலுங்கல்தான். வேகமா ஓடினா சிரிப்பு, மெதுவா ஓடினா விம்மல்.

— மூணாவது கதவு.

— ஆமா. அந்த வீட்டுச் சாமான் ரூம் கதவு பிளைவுட். சாத்தினா 'டொப்'புன்னு ஒரு சோப்ளாங்கிச் சத்தம், அதுல ஒரு பயமும் வராது. அதனால எங்க சத்தக் கிடங்குல இருந்து எடுத்தேன். எந்த ஊர்க் கதவோ, யார் சாத்தினதோ. கேளுங்க… இரும்பு.

— அங்க கதவு பெரிசில்ல. தாழ்ப்பாள்தான் சத்தம். துருப்பிடிச்சிருக்கும். ரெண்டு மூணு தடவ ஆட்டினாத்தான் விழும்.

— அப்படியா? அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அதையும் சேத்திருப்பேன், இன்னும்… சீ, என்ன பேசறேன் நான்.

— பரவால்ல, சொல்லுங்க.

— இவ்வளவுதான் மேடம். உங்க முதுகு, உங்க குரல், இரும்புக் கதவு, புள்ள முகம். நீங்க புள்ளைய உள்ள வச்சுப் பூட்டின மாதிரி ஆயிடும். ஆனா இப்படி வரிசையா வச்சா மட்டும் ஒட்டாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள், காது கண்டுபிடிச்சுடும். அதனால எல்லாத்துக்கும் அடியில ஒரே ஃபேன் சத்தத்த ஓட விட்டேன். பழைய ஃபேன், லேசாத் தேயற சத்தம். அது நடுவுல நிக்காம ஓடினாப் போதும், எல்லாம் ஒரே ரூம்ல ஒரே நேரத்துல நடந்ததுன்னு காது நம்பிடும். காது நம்பிட்டா கண்ணு எதிர்க் கேள்வி கேக்காது. பாருங்க மேடம், இப்பக்கூட எவ்வளவு சந்தோஷமா விளக்கிட்டு இருக்கேன். எனக்கு என்னை நெனச்சாலே…

— நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. காப்பகத்துக்கு ஒரு ஆள் வேணும்னா உங்களக் கூப்பிடலாம்.

— காப்பகம் எப்படி மேடம் இருக்கு?

— சுத்தமா இருக்கு. குழந்தைங்க இல்லேன்னா இடம் சுத்தமாத்தான இருக்கும். குட்டி நாற்காலியெல்லாம் கவுத்து அடுக்கியாச்சு. கேட்ல யாரோ சாக்பீஸால எழுதிட்டுப் போயிருக்காங்க. என்ன எழுதினாங்கன்னு கேக்காதீங்க.

— நிகழ்ச்சி ஓடின அன்னைக்கு நான் வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். என் சம்சாரம் டிவியப் பாத்துட்டு, 'இவளையெல்லாம் நம்பிக் குழந்தைய விடறாங்களே, கட்டி வச்சு உதைக்கணும்'னா. நான் தலையத் தூக்கல. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னேன். அதான் முடிவு பண்ணிட்டேன். இப்ப உங்களுக்குக் காட்டினேனே, இத அப்படியே பிடிச்சு, இது எங்க இருந்து வந்துச்சு, அது எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டி, நாளைக்கு நானே வெளியில விடப் போறேன். என் முகத்தோட, என் பேச்சோட.

— வேலை போயிடுமே.

— போகட்டும். கல்யாண வீடியோ எடுத்துப் பொழச்சுக்கறேன். அங்கயும் இதே பொழப்புதான், ஆனா எல்லாரையும் அழகாக் காட்டற பொய். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். கேமரா முன்னாடி உக்காந்து, 'அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல'ன்னு உங்க வாயால சொல்லணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன். நம்ம சவுண்டுக்காரரும் வர்றாரு. மைக் மாட்ட.

— அந்த மீசைக்காரரா?

— யாரு மீசைக்காரரு? சத்தியமா அக்கா, உங்களுக்காக இன்னைக்கு மீசைய ஒதுக்கி விட்டுட்டு வந்திருக்கேன்! டீ வாங்கிட்டு வந்தேன். தல, உனக்குச் சக்கரை இல்லாம. எப்படி இருக்கீங்க அக்கா? டீயக் குடிங்க.

— நல்லா இருக்கேன்பா. உக்காரு.

— யோவ் சவுண்டு, அந்த நாற்காலி ஆடும்.

— என் வெயிட்டுக்கு அது அடங்கிடும் தல. கதவு ஏன் தொறந்து கெடக்கு? வராண்டாச் சத்தம் பூரா மைக்ல ஏறும்.

— ஏறட்டும்பா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வீட்ல, சாமான் ரூம் இருக்கற நடைப் பக்கம் கேமரா எதுவும் இருந்துச்சா?

— ஒண்ணு மாட்டினோம் அக்கா. நாய்க்குட்டி வயரக் கடிச்சுத் துப்பிருச்சு. அதுக்கப்புறம் அது சும்மா சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு, சத்தியமா.

— அது தெரியும். சிவப்பு லைட் எரியல. நான் கேக்கறது, ஒளிச்சு வச்சது ஏதாவது? இந்த மாதிரி நிகழ்ச்சியில பூந்தொட்டியில, பொம்மையிலயெல்லாம் வைப்பாங்கன்னு சொல்றாங்களே.

— ஐயோ மேடம், அந்த மாதிரி எதுவுமே கெடையாது. இருந்திருந்தா எங்கிட்ட வந்திருக்கும். அப்ப நான் இப்படி ஒட்டுப் போட்டுத் தைச்சிருக்கவே வேணாமே.

— உறுதியாச் சொல்லுங்க தம்பி. நீங்க ஒண்ணப் பாத்துட்டு அதே மாதிரி செய்யல. நீங்களா நெனச்சு, நீங்களா ஒட்டினீங்க. சரியா?

— என் குழந்தை மேல சத்தியமா. நானாத்தான் ஒட்டினேன். ஏன் மேடம் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?

— சும்மாதான். மைக்?

— மைக்கு நீங்க எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் இடுப்புல இருக்கும் அக்கா. சாப்பாட்டு நேரத்துல மட்டும் பேட்டரி மாத்தக் கழட்டுவேன். கழட்டறப்பல்லாம் 'அப்பாடா'ன்னு ஒரு பெருமூச்சு விடுவீங்க. அதுதான் மைக்ல கடைசியா விழற சத்தம். அப்புறம் நாங்க எல்லாரும் தெருமுனை ஓட்டலுக்குப் போயிடுவோம். அந்த வாலு வீட்ல, சொல்றேனேன்னு தப்பா நெனக்காதீங்க, நிம்மதியா ஒரு வாய் திங்க முடியுமா?

— வாலுன்னா அந்தப் புள்ளையா?

— வேற யாரு? ஒரு நாள் மட்டும் அடங்கி இருந்துச்சு அக்கா. அது என்னைக்கு… ஆங், அப்பன்காரரு கச்சேரிக்குப் போன அன்னைக்கு. காலையில பூரா 'எங்கம்மா எப்ப வரும், எங்கம்மா எப்ப வரும்'னு குச்சியால தட்டிட்டே இருந்துச்சு. என் ஹெட்போன்ல அது ஆணி அடிக்கற மாதிரி. நாங்க சாப்பிட்டு வந்து பாத்தா, சோபா ஓரத்துல பொட்டுச் சத்தம் இல்லாம உக்காந்திருக்கு. குச்சி கீழ கெடக்கு. காப்பகம் நடத்தறவங்கன்னா சும்மாவா, எப்படி அடக்கி வச்சிருக்காங்க பாருன்னு கேமராமேன்கிட்டகூடச் சொன்னேன். சத்தியமா.

— அந்த மத்தியானம் எனக்கு ஒண்ணுத்துக்கும் ஒதவல. புள்ள பேசல, மேடம் பேசல. மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டேன்.

— அழிச்சிட்டீங்களா தம்பி?

— அழிக்க மாட்டோம் மேடம். மூலையில கெடக்கும். அத விடுங்க. பேண்டுக்காரர் வீட்ல இருந்து உங்ககிட்டப் பேசினாங்களா? அவங்களாவது வெளியில வந்து சொல்லலாம் இல்ல, எங்க வீட்ல அப்படி நடக்கலன்னு? அந்தப் புள்ளையே சொல்லலாமே!

— பேசினாங்க. அந்தம்மா போன் பண்ணினாங்க.

— திட்டினாங்களா அக்கா?

— இல்ல. அழுதாங்க. மாட்டுப்பா மைக்க.

— மாட்டறேன் அக்கா. காலர்ல வைக்கட்டுமா? தாலிச் செயின் உரசாம… ஆங், அப்படி. ஏதாவது பேசுங்க, அளவு பாக்கணும்.

— என்ன பேச? ஒண்ணு ரெண்டு மூணு நாலு. கை கட்டு, வாய் பொத்து.

— போதும் அக்கா, அருமை. டீச்சர் டீச்சர்தான்.

— தம்பி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் பேசறத நடுவுல வெட்டக் கூடாது. வேற எதையும் கொண்டாந்து ஒட்டக் கூடாது. தலையில இருந்து கால் வரைக்கும் அப்படியே போகணும். வாக்குக் குடுங்க.

— வாக்கு மேடம். ஃபேன் சத்தம்கூடப் போட மாட்டேன்.

— சவுண்டு, நீ சாட்சி.

— சத்தியமா அக்கா.

— ஓடுதா?

— ஓடுது மேடம். சிவப்பு லைட் எரியுது பாருங்க. சொல்லுங்க.

— நான் குழந்தைங்க காப்பகம் நடத்தறேன். வீடு மாத்திக்கற நிகழ்ச்சியில, ஒரு புள்ளையச் சாமான் ரூம்ல போட்டுப் பூட்டினேன்னு காட்டினாங்களே, அது நான்தான். எடிட்டர் தம்பி சொன்னதெல்லாம் நெஜம். அந்தப் பேச்சு நாய்க்குட்டிகிட்டப் பேசினது. அந்தக் கண்ணீர் ஷாம்பு. அந்தக் கதவு யார் வீட்டுக் கதவோ. அவர் காட்டினதுல எதுவும் அந்த நேரத்துல எடுத்தது இல்ல. சரியா?

— பிரமாதம் மேடம். இவ்வளவு தெளிவா நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். போதும், நிறுத்திடறேன்.

— நிறுத்தாதீங்க.

— முடிஞ்சுருச்சே மேடம்?

— கையை எடுங்க தம்பி. வெட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்க.

— கண்ணாடியக் கழட்டிட்டீங்க…

— அந்த நேரத்துல நடந்தது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதச் சொல்றேன். அப்பன்காரர் கச்சேரிக்குப் போயிருந்தாரு. இவங்க எல்லாரும் சாப்பிடப் போனாங்க. அந்தப் புள்ள தட்டிட்டே இருந்துச்சு, எங்கம்மா எப்ப வரும், எங்கம்மா எப்ப வரும். ஒரு வாரமா எல்லாரும் பாக்கறாங்கன்னு நான் கொஞ்சிக் கொஞ்சிப் பேசிட்டு இருந்தேன். அன்னைக்குப் பாக்க ஆள் இல்ல. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் நாயப் போட்ட அதே ரூம்ல தள்ளித் தாழ்ப்பாளப் போட்டேன். ஒரு தடவையில விழல. ஆட்டி ஆட்டிப் போட்டேன். அந்த நேரத்துல மனசு மாறியிருக்கலாம். மாறல.

— அக்கா, என்ன அக்கா சொல்றீங்க…

— மொதல்ல கத்துச்சு. அப்புறம் கதவ ஒதச்சுது. அப்புறம் மரியாதையாக் கேட்டுச்சு, 'ஆன்ட்டி, இனிமே அம்மாவக் கேக்க மாட்டேன் ஆன்ட்டி'ன்னு. நான் தொறக்கல. வாசல்ல உங்க பேச்சுச் சத்தம் கேட்டப்பத்தான் தொறந்தேன்.

— மேடம், ப்ளீஸ். இது வெளியில போனா காப்பகத்த அடியோட மறந்துட வேண்டியதுதான். கேமரா இல்ல, மைக் இல்ல. யாருக்கும் தெரியாது. ஏதோ கோபத்துல ஒரு தடவை… காப்பகத்துல நீங்க அப்படிச் செய்யறவங்க இல்லையே?

— அங்க செஞ்சதில்ல தம்பி. அங்க கதவெல்லாம் கண்ணாடி.

— தல, நிறுத்தவா வேணாமா?

— என்னைக் கேக்காத சவுண்டு.

— ஓடட்டும்பா. அந்தப் புள்ள சும்மா இருக்கல. அவங்கம்மா திரும்பி வந்த அன்னைக்கே சொல்லிடுச்சு. அவங்க நம்பல. காப்பகம் நடத்தறவங்க அப்படிச் செய்வாங்களா, ஆன்ட்டி கண்டிச்சாங்கங்கறதுக்காகக் கதை கட்டறியான்னு கேட்டிருக்காங்க. அப்புறம் நீங்க ஒட்டினது டிவியில வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினாங்க. 'எம்பொண்ணு அன்னைக்கே சொன்னா, நான்தான் காது குடுக்கல'ன்னு ஒரே அழுகை. இப்ப நாளைக்கு நீங்க, எல்லாம் ஒட்டினது, எதுவும் நடக்கலன்னு போடுவீங்க. அந்தப் புள்ள மறுபடியும் பொய்க்காரி ஆயிடுவா.

— மேடம், அவங்கம்மா அன்னைக்கு நம்பாதது உங்க தப்பு இல்லையே…

— நம்பாததோட விடல தம்பி. பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுன்னு எனக்குப் போன் போட்டு அவ கையில குடுத்தாங்க. அவளும் தேம்பிக்கிட்டே கேட்டா. நான், 'சரி கண்ணு, மன்னிச்சுட்டேன்'னு சொன்னேன்.